கேணித் தண்ணீரும் ஏழாம் பிரிவும்

ஆமையை முதலில் கண்டவர் ஞானசேகரம். அதை நாலு பேர் அறியக் காட்டியவள் அவர் மனைவி குகனேஸ்வரி. பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் ஆமையைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்? அது பாவம், கேணித் தண்ணீருக்கு மேலே மூக்கை நீட்டி வெயில் காய்ந்ததைத் தவிர ஓர் அநியாயமும் செய்யவில்லை.

கேணி என்பது இவர்கள் வைத்த பெயர். சிசிலிக்காரர் அதை ஜெபியா என்பார்கள். பலேர்மோ நகரின் ஓரத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால் மலையில் ஏறும் சரிவில், எந்தக் காலத்திலோ யாரோ கல்லடுக்கிக் கட்டிவிட்டுப் போன சதுரத் தொட்டி அது. மாரி மழையில் நிறையும். அதற்குப் பிறகு கோடை முடியும்வரை அந்தச் சரிவுக்கு வேறு தண்ணீர் கிடையாது. கேணி இருந்தது குகனேஸ்வரியின் ஆறு பரப்புக் காணிக்குள். ஆனால் தண்ணீர் மூன்று வீட்டுக்குச் சொந்தம். பக்கத்து எலுமிச்சைத் தோட்டத்துக் கிழவர் கிரெகோரியோவுக்கு ஒரு முறை, கீழ்க்காணி விமலராணிக்கு ஒரு முறை, இவர்களுக்கு ஒரு முறை. கிரெகோரியோ என்ற பெயர் தமிழர் வாயில் கிறிகோரி ஆகிவிட்டது. அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அந்தக் காணி சும்மா வந்ததல்ல. ஞானசேகரம் துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல்களின் கழிவறைகளைக் கழுவினார். குகனேஸ்வரி பதினாறு வருஷம் ஒரே வீட்டில் வேலை செய்தாள். பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளையைப் பெற்று, வளர்த்து, அது எதிர்த்துக் கதைக்கும் அளவுக்கு ஆக்கிவிடலாம். அவ்வளவு காலத்தையும் அவள் அடுத்தவர் சட்டைக் கழுத்துகளைத் தேய்ப்பதில் செலவழித்து, அதன் மிச்சத்தில் வாங்கிய மண் அது. கத்தரி, பயித்தங்காய், முருங்கை, வல்லாரை எல்லாம் வந்தன. கறிவேப்பிலை மட்டும் ஐந்து குளிர்காலம் சாகப் பார்த்து, ஆறாவது வருஷம் மனம் மாறி நிமிர்ந்தது. வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்சந்தில் இருந்த தமிழ்க் கடைகளில், குகனேஸ்வரியின் கறிவேப்பிலை வந்ததா என்று கேட்டு வாங்கும் சனம் இருந்தது.

ஆமையைக் கண்ட அன்றே ஞானசேகரம் அதை வாளிக்குள் போட்டுவிட்டார்.

"இது வளவுக்குள்ளை கூடாத சீவன். ஸ்கூட்டரிலை கொண்டுபோய் எங்கையாவது ஆத்துக்குள்ளை விட்டிட்டு வாறன்."

"பெருமாளின்ரை அவதாரத்தைக் கொண்டுபோய்த் தெருவிலை விடப்போறியளோ? பேசாமல் இறக்கி விடுங்கோ."

"உமக்கு எல்லாம் அவதாரம்தான்."

அவர் இறக்கி விட்டார். அவள் வெள்ளரிக்காய்த் துண்டு போட்டாள். அது சீந்தவில்லை. கறுத்த ஓடு, கழுத்திலும் தலையிலும் மஞ்சள் புள்ளிகள். பெரியதொன்றும் இல்லை, இரண்டு கையையும் சேர்த்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடும். அடுத்த வருஷம் குட்டிகளும் வந்தன. ஞானசேகரம் பிறகு வாளியைத் தூக்கவில்லை.

இப்போது சிஞ்ஞோராவைப் பற்றி, அதாவது அந்த வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிஞ்ஞோரா அலாய்மோ சட்டத்தரணி. பிறகு தேர்தலில் நின்று பிராந்தியச் சட்டசபைக்குப் போனவர். குகனேஸ்வரி வேலை செய்தது அவர் வீட்டில்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷி. குரல் உயர்த்தியது கிடையாது. பழசைப் போட்டுத் தின்னச் சொன்னது கிடையாது.

பலேர்மோத் தமிழருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேறு ஊர்க்காரருக்கு இது விளங்காது. வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ இழுபட்டால், கொஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினால், ஆஸ்பத்திரியில் திகதி கிடைக்காவிட்டால், யாரும் தங்கள் பெயரில் ஒரு வரி எழுதிக் கொடுக்கமாட்டார்கள். வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவிடம் சொல்வார்கள். சிஞ்ஞோரா தொலைபேசியை எடுத்தால் காரியம் முடிந்துவிடும். எங்கள் எழுத்தை எவன் வாசிக்கப்போகிறான், அவர்கள் குரலென்றால் எழும்பி நிற்பான். இதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் குகனேஸ்வரியின் சிஞ்ஞோராவுக்கு மிஞ்சி ஆள் இல்லை. குகனேஸ்வரிக்குச் சனத்திடையே ஒரு மரியாதை இருந்ததென்றால் அது சிஞ்ஞோராவின் தொலைபேசியால் வந்த மரியாதை. அவளுக்கும் அது தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

குடியுரிமை கிடைத்து வந்த முதல் தேர்தலில் அவள் தன் வாக்கைச் சிஞ்ஞோராவுக்குப் போட்டாள். போட்டுவிட்டு வந்து அவருக்கே கோப்பி போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் குசினியில் நின்று சிரித்தார்கள்.

ஒரு சித்திரை வருஷப் பிறப்புக்குச் சிஞ்ஞோரா காணிக்கு வந்தார். வாழையிலை கிடைக்காமல் கடதாசித் தட்டில் போட்ட சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு குகனேஸ்வரி தன் வாயாலேயே சொன்னாள்.

"வாங்கோ சிஞ்ஞோரா, எங்கடை கேணிக்குள்ளை இருக்கிற ஆளைக் காட்டுறன்."

சிஞ்ஞோரா விலைகூடிய காற்சட்டையோடு முழங்காலில் இருந்துவிட்டார். கண் கலங்கியது. "குகா, இது என்னெண்டு தெரியுமோ? இது உலகத்திலை எங்கடை தீவிலை மட்டும்தான் இருக்கு. அழிஞ்சுகொண்டு வருது. இது உன்ரை வீட்டுக்கு வந்திருக்கு" என்று இத்தாலிய மொழியில் சொல்லி அவளைக் கட்டிப்பிடித்தார். படம் எடுத்தார். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. கேணிப் படிக்கட்டில் குகனேஸ்வரியின் சேலைக் கரையும் கொஞ்சம் விழுந்திருந்தது. ஞானசேகரம் அதை வெட்டி, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்.

அந்த ஆமைக்காகச் சிஞ்ஞோரா ஒரு சட்டம் எழுதத் தொடங்கினார்.

சட்டத்தின் சாரம் காற்றுவாக்கில் சரிவுக்கு வந்தபோது எல்லோரும் போய்க் கேணியை எட்டிப் பார்த்தார்கள். ஆமை இருக்கும் நீர்நிலையைச் சுற்றி ஐம்பது மீற்றருக்கு வேலி. வைகாசியிலிருந்து ஐப்பசி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்கக்கூடாது. மண்ணைக் கொத்தக்கூடாது. குகனேஸ்வரியின் காணியின் அகலமே ஐம்பது மீற்றர் வராது. கோடையில் தண்ணீர் இல்லையென்றால் மூன்று காணியும் சுடுகாடுதான்.

அடுத்த நாள் அவள் கேட்டேவிட்டாள். "சிஞ்ஞோரா, ஆமையும் இருக்கட்டும். எங்களையும் இருக்க விடுங்கோ."

சிஞ்ஞோரா சிரித்தார். "உன்னை விட்டிட்டு நான் சட்டம் எழுதுவனே? ஏழாம் பிரிவைப் பார்." மடிக்கணினியைத் திருப்பிக் காட்டி விரலால் வரியைத் தொட்டு வாசித்தார். ஏற்கனவே பயிர் செய்யும் சிறு காணிக்காரர் பாதித் தண்ணீரை முறை வைத்து எடுக்கலாம். மற்றப் பாதி ஆமைக்கு. குறைகிற தண்ணீருக்கு அரசாங்கம் புதுத் தொட்டி கட்டித் தரும். வேலிச் செலவும் அரசாங்கத்தின் பொறுப்பு. "இது முழுக்க உனக்காக எழுதினது. ஆனால் ஒண்டு. காணிக்காரர் ஆட்சேபணை எழுதிக் குடுக்க ஒரு மாசம் இருக்கு. பெரிய தோட்டக்காரரின்ரை சங்கம் எல்லாரிட்டையும் கையெழுத்து வாங்கித் திரியுது. நீங்களும் எழுதினால், சின்னச் சனமும் ஆமைக்கு எதிர் எண்டு சொல்லிச் சட்டத்தைக் குழி தோண்டிப் புதைச்சுப்போடுவாங்கள். ஏழாம் பிரிவும் அதோடை போகும். நீங்கள் ஒண்டும் எழுதத் தேவையில்லை. உள்ளுக்கை நான் இருக்கிறன்."

இதைவிட வேறென்ன வேண்டும்? குகனேஸ்வரி அன்று பின்னேரமே பஸ் ஏறிச் சரிவுக்குப் போனாள்.

கிறிகோரி கையில் சங்கத்தின் ஆட்சேபணை மனுவோடு நின்றார். விமலராணி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். விமலராணி வன்னிக்காரி. சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்து பார்த்தபோது, அவள் தகப்பனின் வயலுக்குள் கல் நட்டிருந்தது. இது காடு, காட்டு மிருகங்களுக்கான இடம், உள்ளே வரக்கூடாது என்று பலகையும் போட்டிருந்தது. வரம்புகூட அழியாத வயல். அதைக் காடென்று எழுதியவர்கள் ஒரு மரத்தைக்கூடக் காட்டவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் கடல் கடந்தது. இங்கே வந்து ஹோட்டல் படுக்கை விரித்து, புருஷனோடு சேர்ந்து கீழ்க்காணியை வாங்கினாள்.

"அக்கா, அங்கையும் இப்பிடித்தான் தொடங்கினது. முதல் ஒரு சீவனைச் சொல்லுவினம். பிறகு கல்லு வரும். நான் இந்த மனுவிலை கையெழுத்து வைக்கப்போறன்."

"இது இத்தாலி, ராணி. இஞ்சை அப்பிடிச் செய்யேலாது. சிஞ்ஞோரா எனக்கு வாசிச்சுக் காட்டினவ. பாதித் தண்ணி எங்களுக்கு."

அவள் அதை இத்தாலிய மொழியிலும் சொல்ல, கிறிகோரி தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "நல்லது. அதை அவ தன்ரை கையாலை எழுதி, கையெழுத்து வைச்சுத் தரட்டும். தந்தால் நான் இதைக் கிழிக்கிறன்."

குகனேஸ்வரிக்குக் காதுவரை சூடேறியது. துண்டு கேட்பதா? தன் சமையலைச் சாப்பிட்டு, தன் நல்லநாளில் வந்து நிலத்தில் இருந்து, தன் பிள்ளை சின்ன வயதில் வருத்தமாய்க் கிடந்தபோது ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு நடுச்சாமத்தில் தொலைபேசி எடுத்த மனுஷியிடம் போய், நீ சொன்னதை எழுதித் தா என்று கேட்பதா? அப்படிக் கேட்டால் அந்த உறவுக்கே அன்றோடு சரி. யாழ்ப்பாணத்தில் வட்டிக்காரனிடம் துண்டு கேட்பார்கள். சொந்தத்திடம் கேட்டால் முகத்தில் துப்புவார்கள்.

"அவவிட்டைத் துண்டு கேக்க என்னாலை ஏலாது" என்றாள். "நான் சொல்லுறன். என்ரை சொல்லு காணாதோ?"

கிறிகோரி அவளையும் கேணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். விமலராணி மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தட்டினாள்.

"சரியக்கா. நீங்கள் சொல்லுறியள்."

ஒரு மாதம் போனது. சரிவிலிருந்து ஒரு கடுதாசிகூடப் போகவில்லை. ஞானசேகரம் மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது, "நாங்கள் எங்கடை பேரிலை ஒண்டு போட்டு வைச்சிருக்கலாம்" என்றார். "உங்களுக்கு ஆரிலைதான் நம்பிக்கை" என்று அவள் சட்டியை அடித்து வைத்தாள். அவர் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

வாக்கெடுப்பு நாளன்று குகனேஸ்வரி சிஞ்ஞோரா வீட்டில் சட்டைகளுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டசபையைத் தொலைபேசியில் நேரடியாகப் பார்க்கலாம் என்று சிஞ்ஞோராவே காலையில் காட்டிக் கொடுத்திருந்தார். தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தாள். சிஞ்ஞோரா பச்சை மேற்சட்டையில் எழும்பி நின்றபோது அவளுக்கு முதலில் பட்டது, தோள்மடிப்பு நன்றாக விழுந்திருக்கிறது என்பதுதான். நேற்று அவள் தேய்த்தது.

சிஞ்ஞோரா நன்றாகப் பேசினார். அவர் பேச்சில் எப்போதும் குறை இல்லை.

"இந்த ஆமையை நமக்குக் காட்டியவர் இலங்கையிலிருந்து வந்த ஒரு பெண். அவர் என் குடும்பத்தில் ஒருவர். அவர் மேசையில் நான் உணவு உண்டிருக்கிறேன். உழைத்துக் களைத்து அவர் வாங்கியது ஒரு சிறிய நிலம். அந்த நிலத்தையே இந்த உயிருக்காக அவர் விட்டுக்கொடுக்கிறார். அந்தச் சரிவில் உள்ள சிறு நிலக்காரர் ஒருவர்கூட இந்தச் சட்டத்துக்கு எதிராக ஒரு வரி எழுதவில்லை. பெரிய நிலங்களுக்குச் சொந்தக்காரர்களே, அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்."

சபை கைதட்டியது. எழும்பி நின்றும் சிலர் தட்டினார்கள். குகனேஸ்வரிக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. விட்டுக்கொடுக்கிறாளா? யார்? எப்போது?

கைதட்டல் அடங்கியதும் சபைத் தலைவர் எவ்வித உணர்ச்சியும் இல்லாமல் வாசித்துக்கொண்டு போனார். ஏழாம் பிரிவைச் சமர்ப்பித்த உறுப்பினரே மீளப் பெற்றுக்கொண்டார். அதன் இடத்தில் புதுப் பிரிவு. பதிவு செய்யப்பட்ட பெரிய விவசாயத் தோட்டங்களின் குளங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. வாக்கெடுப்பு. நிறைவேறியது.

திரையில் சிஞ்ஞோராவைப் பலர் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். அவர் கண்ணைத் துடைத்தார். குகனேஸ்வரி இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டுக் கதிரையில் இருந்தாள். அந்த வீட்டில் வேலை நேரத்தில் அவள் கதிரையில் இருந்தது அன்றுதான். பெரிய தோட்டக்காரனுக்குப் பொருந்தாத சட்டம், ஆறு பரப்புக்காரிக்குப் பொருந்துமாம். அதுவும் அவளே விரும்பிக் கொடுத்தாளாம். மற்றவர்கள் வாய் திறக்காததே அதற்குச் சாட்சியாம். அந்த வாய்களை ஒவ்வொன்றாகப் போய் மூடியது யார்?

இடியப்பம் அவித்துக் கொடுத்த கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

பொழுது சாய முன்னமே சிஞ்ஞோரா வந்துவிட்டார். கையில் இனிப்புப் பெட்டி. கதவைத் திறந்த குகனேஸ்வரியை அப்படியே கட்டிப்பிடித்தார்.

"வெண்டிட்டம், குகா. உன்ரை ஆமை தப்பிட்டுது. பார்த்தனியோ? உன்னைப் பற்றிச் சொன்னதும் முழுச் சபையும் எழும்பிட்டுது."

"ஏழாம் பிரிவு எங்கை, சிஞ்ஞோரா?"

சிஞ்ஞோராவின் கை தளர்ந்தது. இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்தார். சப்பாத்தைக் கழற்றினார்.

"இரு, சொல்லுறன்."

"நான் நிக்கிறன்."

"பெரிய தோட்டக்காரருக்குப் பின்னாலை பதினொரு வாக்கு இருந்தது. தங்கடை குளங்களை விடாட்டில் கவிழ்ப்பம் எண்டு நிண்டாங்கள். அவங்களை விடவேண்டி வந்திட்டுது. அவங்களையும் விட்டு, ஏழாம் பிரிவாலை உங்களையும் விட்டால் பிறகு அது என்ன சட்டம்? வேலி போட ஒரு இடமும் மிஞ்சாது. ஆரோ ஒராள் விட்டுக்குடுக்க வேணும்."

"அந்த ஆரோ ஒராள் நாங்களோ?"

"அவங்களிட்டை என்னாலை கேக்கேலாது, குகா. உன்னட்டை எண்டால் கேக்கலாம். உனக்கு விளங்கும். உனக்கு அந்தச் சீவனிலை இரக்கம் இருக்கு."

"நீங்கள் என்னட்டைக் கேக்கேல்லையே."

சிஞ்ஞோரா இனிப்புப் பெட்டியின் நாடாவை அவிழ்த்தார். "நேற்றுப் பின்னேரம்தான் முடிவானது. போனிலை. நேரம் இருக்கேல்லை."

"நேற்றுப் பின்னேரம் நான் இஞ்சைதான் நிண்டனான். நீங்கள் போனிலை கதைக்கேக்கை உங்களுக்குக் கோப்பி கொண்டு வந்து வைச்சனான்."

நேற்றைய பின்னேரம் குகனேஸ்வரிக்குக் கண்முன்னே வந்தது. சிஞ்ஞோரா யன்னல் பக்கம் திரும்பி நின்று ஓம் ஓம் என்று கதைத்தார். கோப்பியைக் கண்டதும் கையால் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு, "தங்கமடி நீ" என்றார். பொத்திய கைக்குள் இருந்தது அவளுடைய தண்ணீர். அவள் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

"ஒரு இனமே அழிஞ்சால் திரும்பி வராது, குகா" என்றார் சிஞ்ஞோரா. இப்போது அழுதார், உண்மையாகவே அழுதார். "காணி வேறை வாங்கலாம். நான் உதவி செய்வன். அந்த இடத்துக்கு உன்ரை பேர் வைக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கிறன். பலகையிலை பெரிசா உன்ரை பேர் வரும்."

"என்ரை பேரை வேலிக்கு வெளியிலை நிண்டு வாசிக்கவோ?"

அழிந்தால் திரும்பி வராது என்பது மெய். அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் காணி வேறு வாங்கலாமென்றால், அதை வாங்கிய பதினாறு வருஷத்தை எந்தக் கடையில் வாங்குவது? முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன பிறகு எந்தத் தரையைத் துடைத்து இன்னொரு ஆறு பரப்புச் சேர்ப்பது? இதையெல்லாம் கேட்க அவளுக்கு இத்தாலிய மொழி இருந்தது. ஆனால் மனம் விட்டுப்போயிருந்தது. நம்ப வைத்துக் கழுத்தறுத்தவரோடு நின்று நியாயம் கதைப்பது இன்னொரு கேவலம்.

"மிச்சச் சட்டை அப்பிடியே கிடக்கு" என்றாள். "நான் போறன்."

"நாளைக்கு வருவாய்தானே?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

பஸ்ஸில் இருந்தபடி ஞானசேகரத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். கப்பல் இரைச்சலுக்குள் அவர் எல்லாவற்றையும் கேட்டார். "நான் அண்டைக்கே" என்று தொடங்கினார், நிறுத்திக்கொண்டார். "நீர் சாப்பிட்டீரோ?" என்று மட்டும் கேட்டார். அதில்தான் அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்துச் சீட்டுக்காரி கைலேஞ்சி நீட்டினாள்.

சரிவில் ஏறும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. அன்று விமலராணியின் தண்ணீர் முறை. கேணியின் மதகைத் திறந்துவிட்டு, பயித்தை வரிசைகளுக்கு நடுவே வாய்க்காலை வெட்டி வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கிறிகோரி மதிலில் இருந்து சுருட்டுப் பிடித்தார். இருவரும் அவளைக் கண்டு சிரித்தார்கள். அவர்களுக்கு இன்னும் தெரியாது. அதைத் தன் வாயால்தான் அவள் சொல்லவேண்டி வந்தது.

முழுவதையும் சொன்னாள். கிறிகோரிக்காக இத்தாலிய மொழியில் ஒரு தரம், விமலராணிக்காகத் தமிழில் ஒரு தரம். இரண்டாம் தரம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கிறிகோரி சிஞ்ஞோராவைத் திட்டினார். அவர் கட்சியைத் திட்டினார். தோட்டக்காரர் சங்கத்தைத் திட்டினார். தன் பையில் இருந்த மனுவை எடுத்துப் பார்த்தார், பிறகு அதையும் திட்டினார். "நாளைக்கே போவம், வாசலிலை நிண்டு கத்துவம்" என்றார். ஆனால் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. எலுமிச்சை மரங்களை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

விமலராணி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுதிக் குடுக்கிற மாசம் முடிஞ்சுதுதானே?"

"முடிஞ்சுது."

"இனி ஒண்டும் ஏலாதோ?"

"ஏலாதாம். ஆரும் எதிர்க்கேல்லை எண்டு பதிஞ்சுபோச்சு." குகனேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தினாள். "என்னை நல்லா ஏமாத்திப்போட்டா, ராணி. சொந்தச் சகோதரி மாதிரி நம்பின மனுசி. என்னை வைச்சே என்ரை கழுத்தை அறுத்துப்போட்டா."

விமலராணி அவளிடம் வரவில்லை. ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தாலும் குகனேஸ்வரி தாங்கியிருப்பாள். அவள் சாதாரணமாகத்தான் கதைத்தாள்.

"உங்களைச் சிஞ்ஞோரா ஏமாத்தினவ. ஓம். எனக்கு அந்தச் சிஞ்ஞோராவை ஆரெண்டே தெரியாது. நான் அவவை ஒருநாளும் நம்பேல்லை. எனக்குப் பேனை கையிலை இருந்தது. நீங்கள் சொன்னதாலைதான் நான் கையெழுத்து வைக்கேல்லை."

குகனேஸ்வரி முகத்திலிருந்து தலைப்பை எடுத்தாள். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். சிஞ்ஞோரா சொன்ன காரணங்கள்தான் வரிசையாக வாய்க்கு வந்தன. வேறு வழி இருக்கவில்லை, நேரம் இருக்கவில்லை, உனக்கு விளங்கும்.

விமலராணி குனிந்து மண்வெட்டியால் வரம்பை வெட்டினாள். தண்ணீர் அடுத்த வரிசைக்குத் திரும்பி, குகனேஸ்வரி நின்ற பக்கமாக ஓடி வந்தது.

"தள்ளி நில்லுங்கோ" என்றாள் நிமிராமலே. "வேலி வாறதுக்குள்ளை நான் இதை இறைச்சு முடிக்கவேணும்."

குகனேஸ்வரி தள்ளி நின்றாள்.